சீனர்களே வெறுத்த சீன நாவலா?

நண்பர் கேட்டிருப்பது இது. பேர்ல் பக் எழுதிய ‘தி குட் எர்த்’ நாவலை வாங்கி வைத்திருக்கிறார். படிக்கத் தொடங்கும் முன், சீனாவைப் பற்றி அமெரிக்கப் பெண்மணி எழுதிய அந்த நாவலைச் சீனர்களே வெறுத்தார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த நாட்டுக்காரர்களே ஒப்புக்கொள்ளாத புத்தகத்தை நம்பிப் படிக்கலாமா, நோபல் பரிசு எப்படிக் கொடுத்தார்கள் என்கிறார். நோபல் பரிசைப் பொதுவாக ஒரு தனி நூலுக்கென்று கொடுப்பதில்லை. 1938இல் பக்குக்குக் கொடுத்தபோது, சீன உழவர் வாழ்க்கையைக் காவியத் தன்மையோடு சித்திரித்ததையும், அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளையும் சேர்த்தே காரணம் சொன்னார்கள். ஆனால் நண்பரின் உண்மையான சந்தேகம் பரிசைப் பற்றியது அல்ல. ஒரு நாட்டைப் பற்றி வெளியாள் எழுதி, உள்ளூர்க்காரர் கோபப்பட்டால், அந்தக் கோபமே நாவல் பொய் என்பதற்குச் சாட்சியாகுமா? அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரியில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பு நாவல்களும் ஒப்பிலக்கியமும் நடத்தியிருக்கிறேன். இந்த நாவலும் அடிக்கடி பாடமாக வரும். எனக்குச் சீன மொழி தெரியாது. சீன விமர்சகர்கள் எழுதியதை ஆங்கிலத்தின் வழியாகவே படித்திருக்கிறேன். அந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விவரங்கள். பக் 1892இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள். கைக்குழந்தையாகச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, யாங்சே ஆற்றங்கரையில் உள்ள ஜென்ஜியாங் நகரில் வளர்ந்தார். ஆங்கிலத்தோடு கூடவே சீனமும் பேசிப் பழகியவர். 1917இல் ஜான் லாசிங் பக் என்ற வேளாண் பொருளாதார அறிஞரை மணந்து, அன்ஹுய் மாகாணத்தின் வடக்கே வறண்ட பகுதியில் ஒரு சிற்றூருக்குக் குடிபோனார். கணவர் கிராமம் கிராமமாகப் போய் நில அளவு, மகசூல், கடன், கூலி என்று கணக்கெடுத்தவர். சீனப் பண்ணைப் பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய நூல்களை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பேர்ல் பக் கூடவே போய் மொழிபெயர்த்தார், பெண்களோடு உட்கார்ந்து பேசினார். நாவலின் களம் அந்தப் பகுதிதான். ஆக, கப்பலில் வந்து ஆறு மாதம் தங்கிவிட்டு ஊருக்குப் போய் எழுதிய வகை நூல் இல்லை இது. 1934இல் சீனாவை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும்வரை அவர் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

நாவல் 1931 மார்ச்சில் நியூயார்க்கில் வெளிவந்தது. 1931, 1932 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் அதுதான். 1932இல் புலிட்சர் பரிசு. 1937இல் திரைப்படம். கதை சிக்கலில்லாதது. வாங் லங் என்ற ஏழை உழவன், ஹுவாங் என்ற பெரிய வீட்டில் அடிமையாக இருந்த ஓ-லானை மணக்கிறான். பஞ்சம் வந்து குடும்பம் தெற்கே ஒரு நகரத்துக்கு ஓடிப் பிச்சையெடுக்கிறது, அவன் ரிக்‌ஷா இழுக்கிறான். நகரத்துக் கலவரத்தில் கைக்கு வந்த நகைகளோடும் காசோடும் ஊர் திரும்பி நிலம் வாங்குகிறான். பணக்காரனாகிறான், வைப்பாட்டி வைக்கிறான், கடைசியில் பிள்ளைகள் நிலத்தை விற்கத் திட்டம் போடுகிறார்கள்.

சரி, எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? ‘சீனர்கள் வெறுத்தார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லும்போது, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத பல தரப்புகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

அமெரிக்க, கனடிய நகரங்களில் இருந்த படித்த சீனர்களிடமிருந்து வந்த கண்டனங்களில் புகழ்பெற்றது ஜியாங் காங்ஹு என்பவருடையது. மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சீனவியல் பேராசிரியராக இருந்தவர். 1933 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் வாதத்தின் சாரம்: இந்த அம்மாள் காட்டுவது கூலிகளையும் ஆயாக்களையும், அவர்கள் சீன மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருக்கலாம், ஆனால் சீன மக்களின் பிரதிநிதிகள் அல்லர். பக் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். ஒரு நாட்டின் பெரும்பான்மை அந்த நாட்டைப் பிரதிநிதிப்படுத்தாவிட்டால் வேறு யார் பிரதிநிதிப்படுத்துவது என்று திருப்பிக் கேட்டார். என்னைப் பொறுத்தவரை அந்தச் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, இதே ஜியாங் 1911இல் சீன சோசலிஸ்ட் கட்சியை நிறுவியவர்!

ஜியாங் நுணுக்கமான தவறுகளும் சொன்னார். அவற்றில் ஒன்று தேநீரைப் பற்றியது. நாவலின் முதல் அத்தியாயத்தில், கல்யாண நாளன்று காலையில் வாங் லங் கிழத் தகப்பனுக்குக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுபோகிறான். வழக்கமாக வெறும் வெந்நீர்தான். அன்று விசேஷம் என்பதால் ஜாடியைத் திறந்து, சுருண்ட தேயிலையில் ஏறக்குறைய ஒரு டஜன் எடுத்து நீரின் மேல் தூவுகிறான். கிழவனுக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, அதே மூச்சில் ‘ஏன் இப்படி வீணாக்குகிறாய், தேயிலை குடிப்பது வெள்ளியைத் தின்பது மாதிரி’ என்று திட்டுகிறான். தேயிலையை நீர்மேல் தூவுவதாவது, யார் அப்படிச் செய்வார்கள் என்பது பேராசிரியரின் கேள்வி. அந்த வறண்ட பகுதியில் தேயிலை அவ்வளவு அரிது, தூவுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன் என்பது பக்கின் பதில். மாணவர்களுக்கு இந்த இடத்தை நிதானமாக வாசித்துக் காட்டுவேன். நல்ல தேநீர் குடித்து வளர்ந்தவருக்கு அது பிழையாகத் தெரிகிறது. அரிதான பண்டத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டைப் பார்த்தவருக்கு அதுவே அந்த வீட்டின் நிலைமை. உள்ளூர்க்காரர் என்ற ஒரே தகுதி எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளும் ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவிடாது.

லூ சுன் சொன்னதை அப்படி ஒதுக்க முடியாது. நவீன சீன இலக்கியத்தின் பெரிய ஆள். 1933 நவம்பரில் நண்பர் யாவ் கெவுக்கு எழுதிய கடிதத்தில் பக்கைக் குறிப்பிடுகிறார். சீனாவைப் பற்றிச் சீனர்களே எழுதினால்தான் உண்மை கொஞ்சமாவது மிஞ்சும். இந்த அம்மாள் சீனாவைத் தன் தாய்நாடு என்கிறார், ஆனால் எழுத்தில் தெரிவது சீனாவில் வளர்ந்த ஒரு அமெரிக்க மிஷனரிப் பெண்ணின் நிலைப்பாடு, அவருக்குக் கிட்டியது மேலோட்டம்தான் என்ற பொருளில் எழுதினார். லூ சுன் ஏழைகளைக் காட்டுவதற்கு வெட்கப்பட்டவர் அல்லர். அவர் படைத்த ஆ க்யூ என்ற பாத்திரத்தைவிடப் பரிதாபமான, அறியாமையில் ஊறிய ஒரு கிராமத்தானை பக் எங்கும் படைக்கவில்லை. அதனால் இந்தக் குற்றச்சாட்டை ஜியாங்குடையதோடு சேர்த்துவிடக் கூடாது. ஆனால் இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1936இல், தான் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு ஜப்பானிய நண்பருக்கு எழுதியபோது, அந்த நாவலின் சீன மொழிபெயர்ப்பு அவ்வளவு நம்பத்தக்கதாக இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் ஆசிரியருக்கு அது அநியாயம் என்று லூ சுன் எழுதியிருக்கிறார். முதல் கடிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

லூ சுன் ‘மேலோட்டம்’ என்றதில் நியாயம் இருக்கிறதா? பாதி இருக்கிறது என்பேன். நாவல் முழுக்க ஒரு ஆண்டுக்கணக்குகூடக் கிடையாது. பேரரசு விழுந்ததும், யுத்தப் பிரபுக்கள் அடித்துக்கொண்டதும், அந்நியக் கம்பெனிகள் துறைமுகங்களை வளைத்துப் போட்டதும் எங்கோ தூரத்து இரைச்சலாகத்தான் வருகின்றன. வாங் லங் முன்னேறுவது உழைப்பாலும் சிக்கனத்தாலும். அது போதாதபோது கலவரத்தில் கிடைத்த அதிர்ஷ்டத்தால். பிற்பகுதியில் அவன் குத்தகைக்கு விடுகிற நிலச்சுவான்தார். ஆனால் அந்தக் குத்தகைக்காரன் வீட்டில் என்ன வேகிறது என்று நாவல் எட்டிப் பார்ப்பதில்லை. இடதுசாரி விமர்சகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள், சரியாகவே பிடித்தார்கள். பக்கின் கணவர் சேகரித்த புள்ளிவிவரங்களின் மீதும் பிற்காலத்தில் இதேபோன்ற விமர்சனம் எழுந்தது: விளைச்சலை அளந்தவர், நிலம் யாரிடம் குவிந்தது என்பதற்கு உரிய எடை தரவில்லை என்று.

ஆனால் மறுபாதியை நாவலே சொல்கிறது. நகரத்தில் பிச்சையெடுக்கும் நாட்களில் வாங் லங்குக்கு இரண்டு தாள்கள் கிடைக்கின்றன. ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் திணிக்கிறார். அதில் மரத்தில் தொங்கும் ஒரு மனிதனின் படம். என்ன பாவம் செய்தானோ இப்படித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று குடும்பமே கூடிக் குழம்புகிறது. இன்னொன்றை ஒரு சீன இளைஞன் கொடுக்கிறான். அதில் ஒரு கொழுத்த மனிதன் மெலிந்து செத்துக் கிடப்பவனைக் கத்தியால் குத்திக்கொண்டிருக்கிறான். செத்தவன் நீ, கொல்பவன் பணக்காரன் என்று இளைஞன் விளக்குகிறான். வாங் லங் பணிவாகக் கேட்கிறான்: ஐயா, அந்தப் பணக்காரர்களால் மழை பெய்ய வைக்க முடியுமா, நான் போய் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். இளைஞன் எரிச்சலோடு அவனை முட்டாள் என்கிறான். இரண்டு தாள்களும் ஓ-லானிடம் போய்ச் சேருகின்றன. செருப்பின் அடிப்பாகத்தில் வைத்துத் தைக்கத் தாள் எப்போதும் போதாது, வைத்துத் தைத்துவிடுகிறாள்.

என் பார்வையில் இந்த நாவல் ஏன் இரண்டு பக்கமும் அடி வாங்கியது என்பதை இந்த இரு தாள்களே விளக்கிவிடும். கிராமத்து மனிதனுக்குத் தங்களிடம் விடை இருப்பதாக நம்பியவர்கள் இரு கூட்டத்தார், மிஷனரிகளும் புரட்சிக்காரர்களும். இருவருடைய விடையும் செருப்புக்கு அடியில் போகிறது என்று எழுதினால் யாருக்குப் பொறுக்கும்? மிஷன் தரப்பிலிருந்தும் அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது, பாலுறவை இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்று. அவர் அதோடு விடவில்லை. 1932இல் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில், வெளிநாட்டு மிஷன்கள் தேவைதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துப் பேசினார். சபைக்குள் பெரிய கொந்தளிப்பு, அடுத்த ஆண்டு மிஷன் பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது. லூ சுன் ‘மிஷனரிப் பெண்’ என்று கடிதம் எழுதிய அதே 1933இல்தான் இதுவும். லூ சுன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நிலைப்பாடு என்பது வேலையை ராஜினாமா செய்வதோடு போய்விடுவதில்லை என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்கக்கூடும், அதிலும் நியாயம் உண்டு.

பாராட்டிய சீனர்களே இல்லையா? இருந்தார்கள். 1930களிலேயே சீனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் வந்தன. யாரும் தொடவே விரும்பாத புத்தகத்துக்கு அது நடக்காது. எழுத்தாளர் லின் யூடாங் அவரை ஆதரித்தார். சீனாவைப் பற்றி ஒரு சீனரே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று லின்னை ஊக்கப்படுத்தியவர் பக். அந்த நூல் 1935இல் பக்கின் முன்னுரையோடு, அவருடைய நூல்களை வெளியிட்ட பதிப்பகத்திலேயே வந்தது. சீனப் பழம்பெரும் நாவல் ‘ஷுய் ஹு ஜுவான்’னின் எழுபது அத்தியாயப் பதிப்பை 1933இல் ஆங்கிலத்தில் தந்தவரும் பக்தான். நோபல் பேருரையில் தன்னைப் பற்றிப் பேசாமல் சீன நாவல் மரபைப் பற்றிப் பேசினார், கதை சொல்வதைச் சீன நாவலிடமிருந்தே கற்றேன் என்றார். வெளியாள் ஒருவர் தனக்கு இடம் கொடுத்த மரபுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதை இவர் ஓரளவு செய்திருக்கிறார்.

திரைப்படம் வேறு கதை. வாங் லங்காக பால் முனி, ஓ-லானாக லூயிஸ் ரெய்னர். இருவரும் ஐரோப்பாவில் பிறந்தவர்கள், கண்ணோரம் ஒப்பனை போட்டுச் சீனர்களாக நடித்தார்கள். அப்போது ஹாலிவுட்டில் புகழோடு இருந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் ஓ-லான் வேடத்தை விரும்பினார், கிடைக்கவில்லை. வைப்பாட்டி லோட்டஸ் வேடம்தான் அவருக்கு என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ‘வெள்ளைக்காரியின் சீனா’ என்ற எரிச்சலில் கணிசமான பங்கு இந்தப் படத்துக்குப் போக வேண்டியது, நாவலின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் இதன் பாதிப்பு என்ன என்ற இடத்தில்தான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரிக்க வேண்டும். ஹெரால்டு ஐசக்ஸ் என்ற ஆய்வாளர் 1950களில் அமெரிக்க முக்கியஸ்தர்கள் 181 பேரைப் பேட்டி கண்டு, சீனர்கள், இந்தியர்கள் பற்றிய எண்ணங்கள் அவர்களுக்கு எங்கிருந்து வந்தன என்று கேட்டார். சீனா என்றதும் பக்கின் பெயரைத் தாங்களாகவே சொன்னவர்கள் நிறையப் பேர். ஒரு தலைமுறை அமெரிக்கருக்குச் சீனரை ‘படைத்துக் கொடுத்தவர்’ பக் என்ற முடிவுக்கு ஐசக்ஸ் வந்தார். இது உறுதியான சான்று. ஆனால் இந்த நாவலால்தான் போரில் அமெரிக்கா சீனாவின் பக்கம் நின்றது, சீனர்களைக் குடியேறவிடாமல் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டதும் இதனால்தான் என்று சிலர் எழுதுவது மிகை. அந்தச் சட்டத்தை நீக்கப் பக் வெளிப்படையாகப் பாடுபட்டார், நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். இவை நடந்தவை. ஆனால் அப்போது ஜப்பானோடு போர் நடக்கிறது, சீனா கூட்டாளி நாடு, கூட்டாளியின் மக்களை உள்ளே விடமாட்டோம் என்று சட்டம் வைத்திருப்பது அரசியல் சங்கடம். இதில் நாவலின் பங்கை மட்டும் தனியாக நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. தடை நீங்கிய பிறகும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் ஒதுக்கீடு வைத்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வாங் லங்குக்காகக் கண்ணீர் விட்ட நாடு அவனுக்குத் திறந்துவிட்டது அவ்வளவுதான்.

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு சீனாவில் பக்கின் பெயர் கலாசார ஏகாதிபத்தியத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அவரும் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதிக்கொண்டிருந்தார். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போய் வந்ததும், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த பக் தான் வளர்ந்த மண்ணைப் பார்க்க விசா கேட்டார். புதிய சீனத்தின் மக்களையும் தலைவர்களையும் நீண்டகாலமாகத் திரித்தும் இழிவுபடுத்தியும் எழுதிவருகிறீர்கள், வருகையை ஏற்க முடியாது என்று கனடாவில் இருந்த சீனத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. 1973 மார்ச்சில் இறந்தார். பென்சில்வேனியாவில் உள்ள கல்லறைக் கல்லில் ஆங்கிலப் பெயர் இல்லை, அவருடைய சீனப் பெயர்தான் இருக்கிறது. சீனா பொருளாதாரக் கதவுகளைத் திறந்த பிறகு நிலைமை மாறியது. ஜென்ஜியாங்கிலும் நான்ஜிங் பல்கலைக்கழக வளாகத்திலும் அவர் வாழ்ந்த வீடுகள் இன்று நினைவில்லங்கள். அவரைப் பற்றி ஆய்வு செய்யும் சீனப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். இதையும் முழு மனமாற்றம் என்று சொல்லிவிட வேண்டாம். சுற்றுலாவும் நட்புறவும் இதில் கலந்திருக்கின்றன.

நாவலாக எப்படி? முதல் பாதி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓ-லான் தன் பங்குக்கு இரண்டே இரண்டு சிறு முத்துக்களைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி மார்புக்குள் வைத்திருக்கிறாள். லோட்டஸ் மேல் மோகம் வந்தபின் வாங் லங் அவற்றையும் கேட்கிறான். அவள் குளக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் கல்லின்மேல் கட்டையால் அடிக்கத் தொடங்குகிறாள். கண்ணீர் சொட்டுகிறது, துடைக்கக்கூட அவள் கையை நிறுத்தவில்லை. இதை எழுத மேலோட்டப் பார்வை போதாது. அவர்களுடைய மூத்த பெண் குழந்தை மனவளர்ச்சி இல்லாதவள். பக்கின் சொந்த மகளும் அப்படித்தான். அவளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்துக் காக்கப் பணம் வேண்டியிருந்ததும் அவர் எழுத்தில் இறங்கியதற்கு ஒரு காரணம். 1950வரை அவர் அதைப் பொதுவில் எழுதவில்லை, முதல் விமர்சகர்கள் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிற்பகுதி தொய்வு. வாங் லங் பணக்காரனானபின் வீட்டுச் சண்டைகள் ஒன்றுபோல் ஒன்று வருகின்றன. பைபிள் வாடை அடிக்கும் அந்த நீளமான வாக்கியங்கள், முதலில் கம்பீரமாக இருந்தவை, போகப்போகச் சலிப்பூட்டும். தொடர்ச்சியாக வந்த இரு நாவல்களைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

நம் பக்கத்தோடு அவருக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. ஆர்.கே. நாராயணின் ‘கைடு’ நாவலை ஆங்கிலத்தில் படமாக்கியபோது திரைக்கதை எழுதியவர் பக்தான். மால்குடியை ராஜஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போனதை நாராயண் கேலி செய்து எழுதினார். பல பத்தாண்டுகள் வாழ்ந்த நாட்டைப் பற்றி எழுதுவதற்கும், தெரியாத நாட்டுக் கதையைத் தொடுவதற்கும் உள்ள தூரத்தை ஒரே எழுத்தாளரிடம் பார்க்க வேண்டுமானால் இதுவே நல்ல உதாரணம்.

ஆக, தாராளமாகப் படியுங்கள். 1920களின் வட அன்ஹுய் வீடு, வயல், பஞ்சம், பிரசவம், சாவு இவற்றுக்கு நம்பலாம். நிலம் யாரிடம் இருந்தது, ஏன் புரட்சி வந்தது என்பதற்கு இதை நம்ப வேண்டாம். கூடவே லாவ் ஷெவின் ‘ரிக்‌ஷாக்காரன்’ நாவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் தொடராக வரத் தொடங்கியது. கிராமத்திலிருந்து பெய்ஜிங்குக்கு வந்து ரிக்‌ஷா இழுக்கும் ஓர் இளைஞன் படிப்படியாக நொறுங்கும் கதை, எழுதியவர் பெய்ஜிங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பதிப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள். 1945இல் அமெரிக்காவில் வந்து நன்றாக விற்ற முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஆசிரியரைக் கேட்காமலே முடிவை மாற்றிச் சுபமாக்கிவிட்டார்கள். பழைய புத்தகக் கடைகளில் இன்னும் அது கண்ணில் படும். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளில்தான் லாவ் ஷெ எழுதிய முடிவு இருக்கிறது.